ஹெட்டர் வாரியம்

உத்திரமேரூர் கல்வெட்டப் பாத்திருக்கியாடா பேராண்டி? பள்ளிக்கூடத்துல பஸ்ஸு வெச்சிக் கூட்டிக்கினு போயிருப்பாங்க, நீ வெளிய நின்னு கமர்கட்டு தின்னுக்கினு இருந்திருப்ப. முதலாம் பராந்தகன் காலத்து எழுத்து, 919-லயும் 921-லயும் வெட்டினது. ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கணும்னா இன்னின்ன தகுதி வோணும்னு செவுத்துலயே அடிச்சி வெச்சிட்டாங்க. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. வரி கட்டுற நெலம் கால் வேலிக்கு மேல. சொந்த மனையில வூடு. முன்ன வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் உள்ள வரக்கூடாது, அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது. பேர ஓலையில எழுதிக் கொடத்துல போட்டு, ஒண்ணும் தெரியாத ஒரு சின்னப் பையன வுட்டு எடுக்கச் சொல்லுவாங்க.

அந்தக் காலத்துல ஒண்ணும் தெரியாத சின்னப் பையனுக்கு ஓலை எடுக்கிற வேலைதான். இப்ப அவனே பானட்டத் தூக்குறான்.

நம்ம வூட்டுலயும், காருக்குப் புதுசா புகைக் குழாய் மாட்ட ஹெட்டர் வாரியம்னு ஒண்ணு கூடியிருக்குது போல. தலைவரு நீ, உறுப்பினரு உன் சிநேகிதன். தகுதி பாக்கலாமா? வயசு 23. காரு நிக்கிறது என் களத்துல. கணக்கு எப்பிடின்னா, உங்க அம்மாகிட்ட சொன்ன வெல ஒண்ணு, கொரியர்காரன் கையில குடுத்த பணம் ஒண்ணு. பராந்தகன் இருந்திருந்தா, கணக்கு காட்டாதவனோட தாத்தான்னு என்னையும் சேத்து வெளிய தள்ளியிருப்பான்.

காரு நல்ல காருதான், இல்லன்னு சொல்லமாட்டேன். ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டரு, விடெக்கு. 2000-ல அது வந்தப்ப 106 குதிரைன்னாங்க. அப்ப காஞ்சிபுரம் வந்தவாசி ரோட்டுல அம்பாசிடரும் மாருதியும் அதுக்கு ஒதுங்கித்தான் வழி வுடும். ஆனா உன்னுது 2003. அந்த 106-ல எத்தினி இன்னும் லாயத்துல நிக்குது, எத்தினி கயித்த அறுத்துக்கினு போயிடுச்சின்னு என்னிக்காவது பாத்தியா? கம்ப்ரஷன் பாத்தியா? டேப்பெட் கேப்பு வெச்சியா? பிளக்க கழட்டி மூஞ்சியப் பாத்தியா? ஏர் ஃபில்டர தட்டினா நம்ம பெருநகர் ஊரு மண்ணு அரைப்படி கொட்டும். ஓடிப்போன குதிரையப் புடிச்சாந்து கட்டுறதுக்கு ஆவுற செலவு, புதுசா ரெண்டு குதிரை வாங்குற செலவுல கால்வாசி கூட இருக்காது. ஆனா அதுல ஒரு கஷ்டம், பளபளன்னு எதுவும் தெரியாது. படம் புடிச்சிப் போட்டா ஒருத்தனும் லைக்கு போடமாட்டான்.

சரி, குழாய் வந்து எறங்கிடுச்சி. அது இன்னா பண்ணுதுன்னாவது தெரிஞ்சிக்கினு மாட்டு. கம்பெனி போடுற வார்ப்பிரும்பு மேனிபோல்டுல பெரும்பாலும் நாலு சிலிண்டர் புகையும் ஹெட்ட வுட்டு வெளிய வந்த ஒடனே ஒரே எடத்துல இடிச்சிக்கும். நாலு கழனித் தண்ணியும் ஒரு குட்டை வாய்க்கால்ல ஒரே நேரத்துல குதிச்சா ஒண்ண ஒண்ணு எதுத்துக்கினு நிக்கும் பாரு, அந்தக் கதை. ஹெட்டருன்னா நாலுக்கும் தனித்தனியா, ஏறக்கொறைய ஒரே நீளத்துல, வழவழன்னு வளைச்ச குழாய். ஒரு சிலிண்டர் புகை பாஞ்சி போவும்போது தன் பின்னால அழுத்தத்தக் கொறைச்சிட்டுப் போவும். நேரம் சரியா அமைஞ்சா அந்த இழுப்புல அடுத்த சிலிண்டர்ல தங்கியிருக்கிற புகையும் வெளிய வந்துடும், அந்த எடத்துல புதுக் காத்து வந்து ஒக்காரும். அவ்ளோதான் வித்தை.

நேரம் சரியா அமைஞ்சான்னு சொன்னேன், காதுல வாங்கினியா? குழாய் நீளத்துக்குத் தகுந்த மாதிரி அந்த இழுப்பு ஏதோ ஒரு ஆர்பிஎம்-லதான் நல்லா வேலை செய்யும். அதுக்கு மேலயும் கீழயும் சும்மாதான் தொங்கும். இந்த எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-3-4-2. அதனால 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடி, 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜோடி, அப்புறம் ரெண்டு ஜோடியும் சேந்து ஒரே குழாய். இதான் 4-2-1. நடு வேகத்துல இழுக்கும். நாலும் நேரா ஒண்ணுல வந்து சேர்றது 4-1, அது எஞ்சின் கத்தோ கத்துன்னு கத்துற எடத்துலதான் பலன் குடுக்கும். நீ எங்க ஓட்டுற? வூட்டுலருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டுலருந்து மானாம்பதி. நடுவுல மாடு. 7000 ஆர்பிஎம்-க்கு எந்த எடத்துல போவப் போற? அதனால 4-2-1 வாங்கினது புத்திசாலித்தனம். வெல கம்மின்னு வாங்கினதா இருந்தாலும் புத்திசாலித்தனம்னே வெச்சிக்கலாம்.

கம்ப்யூட்டர்ல கை வெக்காம, கேம் ஷாஃப்ட்டு மாத்தாம, குழாய மட்டும் மாத்தினா கெடைக்கிறது சில குதிரைதான். உன் சிநேகிதன் பின் சீட்டுல ஏறினா அதையும் அவனே தின்னுடுவான்.

நான் பாக்காததா? காஞ்சிபுரத்துல லாரி ஷெட்டுல கிளீனரா இருந்தப்ப எங்க மேஸ்திரிக்கு ரேஸ் பைத்தியம். சோழவரத்துக்குக் கூட்டிக்கினு போவாரு. அது ரெண்டாம் உலகப்போர்ல பிளேன் எறங்கப் போட்ட ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புன்னு 1953-ல ஆரம்பிச்சவங்க அங்கதான் ரேசு வுட்டாங்க, 1990-ல இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டருக்குத் தனி டிராக்கு போடுற வரைக்கும். கோயமுத்தூரு கரிவரதன் பேரு கேட்டிருக்கியா? பெரிய மில்லு குடும்பத்துப் புள்ள. மாருதி 800-ல இருக்கிற தம்மாத்துண்டு எஞ்சின வெச்சே ஃபார்முலா மாருதின்னு ரேஸ் காரு செஞ்சிப் புள்ளைங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. செட்டிபாளையத்து டிராக்குக்கு அவரு பேருதான் வெச்சிருக்காங்க. அங்கெல்லாம் குழாய வளைச்சவன் கையில ஸ்டாப் வாட்சு இருந்துச்சி. மாத்தறதுக்கு முன்ன ஒரு சுத்து, மாத்தின பின்ன ஒரு சுத்து. நேரம் கொறையலன்னா கழட்டித் தூர எறிஞ்சிடுவான். உன் கையில ஸ்டாப் வாட்சு எங்க? நீ வேலை முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுல எத்தினி பேரு திரும்பிப் பாக்குறாங்கன்னு எண்ணுவ. சத்தத்துக்குத்தான் பணம் குடுத்திருக்கேன்னு ஒத்துக்கோ, பாதி சண்டை தீந்துடும். சத்தம் வாங்குறது குத்தம் இல்ல. நான் கல்யாணத்துக்கு நாயனக்காரன் வெச்சவன்தான்.

இப்ப வேலைக்கு வா. மொதல்ல, ஜாக்கியில தூக்கிட்டு உள்ள பூந்துக்கலாம்னு நெனைக்காத. ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. பின்னால பாட்டியோட ஆட்டுக்கல் கெடக்குது, ஹாலோ பிளாக்கு கெடக்குதுன்னு கண்ண ஓட்டாத. ஹாலோ பிளாக்கு முன்னறிவிப்பு குடுக்காது, ஒடையும்போது ஒரேயடியா மாவாப் போவும். ஆட்டுக்கல் உருளும், அதோட உங்க பாட்டி என்ன உருட்டுவா. ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வாங்கு. களம் மண்தரை, மழை பேஞ்சா எறங்கும். ஸ்டாண்டுக்குக் கீழ தடிப் பலகை போடு. பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வெய்யி. தூக்கி நிறுத்தினதும் காரப் புடிச்சி நல்லா ஆட்டிப் பாரு. வுழுவுறதா இருந்தா நீ வெளிய நிக்கும்போதே வுழுந்து தொலையட்டும்.

பேட்டரி ஒயர கழட்டு. எஞ்சின் ஆறட்டும். ஓடி வந்த கையோட தொட்டின்னா ஸ்பேனர் அச்சு தோலுல நிக்கும், அது ஆறுறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்.

அடுத்து இந்த வேலையிலேயே பெரிய வில்லன், துரு. மேனிபோல்டப் புடிச்சிக்கினு இருக்கிற ஸ்டட்டு எல்லாம் 20 வருசத்துக்கு மேல சூட்டுல வெந்தது. ஸ்டட்டு இரும்பு, அது எறங்கியிருக்கிற ஹெட்டு அலுமினியம். நீ காலையில எழுந்து பல்லக் கடிச்சிக்கினு ஒரு திருகு திருகினா, நட்டு வராது, ஸ்டட்டே கையோட வரும். மிச்சம் பாதி ஹெட்டுக்குள்ள ஒக்காந்துக்கினு உன்னப் பாத்து சிரிக்கும். அப்புறம் டிரில் போடணும், கோணலாப் போச்சின்னா ஹெட்ட எறக்கிக்கினு காஞ்சிபுரம் லேத்துக்கு ஓடணும், புது மரை போடணும். 800 ரூபா வேலை 18,000 ரூபா வேலையா ஆவுறது இங்கதான். மொத நாளு சாயங்காலமே துரு எடுக்கிற ஸ்பிரேய எல்லா நட்டுலயும் அடிச்சி வுடு. ராத்திரி படுக்கப் போறப்ப இன்னொரு தரம் அடி. காலையில ஆறு முனை சாக்கெட்டப் போட்டு, கொஞ்சம் எளக்கு, கொஞ்சம் முறுக்கு, மறுபடி எளக்கு. அவசரப்பட்டா நட்டுக்கும் தெரியும். பன்னெண்டு முனை சாக்கெட்டு போட்டு நட்டோட மொகத்த வழிச்சிட்டு எங்கிட்ட வந்து நிக்காத.

பழசுல இருந்து ஆக்சிஜன் சென்சார கழட்டுறப்ப ஒயரோட சேத்துத் திருவாத, ஒயரு முறுக்கிக்கினு உள்ள அறுந்துடும். அதுக்குன்னு பக்கத்துல வெட்டு வுட்ட சாக்கெட்டு இருக்குது. புது ஹெட்டர்ல அதுக்கு ஓட்டை சரியா இருக்குதா, மரை ஏறுதான்னு கீழ ஒக்காந்துக்கினே பாத்துடு. காருக்கு அடியில படுத்துக்கினு கண்டுபுடிக்கிற விசயம் இல்ல அது. அப்பிடியே கேஸ்கெட்ட ரெண்டு பக்கமும் வெச்சிப் பாரு. ஹெட்டுல இருக்கிற வாய விட ஹெட்டர் வாய் சின்னதா இருந்தா, புகை படியில முட்டிக்கினு நிக்கும், நீ காசு குடுத்து அடைப்பு வாங்கினவன் ஆயிடுவ. ஃப்ளேஞ்ச கண்ணாடி மேல வெச்சி வெளிச்சம் பாரு. வெல கம்மி குழாய்ல வெல்டிங் சூட்டுல ஃப்ளேஞ்சு வளைஞ்சிருக்கும். வளைஞ்சதப் போல்ட்டு போட்டு நிமித்திடலாம்னு நெனச்சா போல்ட்டு ஜெயிக்காது.

உன் சிநேகிதன் ஒரு யோசனை சொன்னானாமே, நம்ம கேட்டு பண்ற பட்டறையிலயே ஜிஐ பைப்ப வளைச்சி இன்னொரு செட்டு அடிச்சிடலாம்னு. நல்ல யோசனை. அந்தத் துத்தநாகப் பூச்சு மேல வெல்டிங் வெச்சா கெளம்புற புகைய மோந்த வெல்டருக்கு ராத்திரி குளுரு ஜொரம் வரும். அந்தப் பூச்சு எஞ்சின் சூட்டுக்குத் தாங்குமா? பெட்ரோல் எஞ்சின் வாயில 700, 800 டிகிரி வரைக்கும் போவும்டா. ஜிஐ பைப்பு தண்ணி போவத்தான்.

அவன்கிட்ட இன்னொன்னும் சொல்லு. அவன் வெச்சிருக்கிறது புது ஸ்கோடா, 1.0 டிஎஸ்ஐ. அதுக்கும் ஹெட்டர் ஆர்டர் போடப் போறேன்றான். அந்த எஞ்சின்ல மேனிபோல்டு வழிய ஹெட்டுக்குள்ளயே வார்ப்பா ஊத்திட்டான், டர்போ நேரா ஹெட்டுலயே ஒக்காந்துக்கினு இருக்குது. வாங்கின ஹெட்டர எங்க மாட்டுவான், கழுத்துலயா? 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பின்ன நெறைய பெட்ரோல் கார்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரு மேனிபோல்டோட ஒட்டிக்கினே வருது. அங்க மேனிபோல்ட எடுத்தா அதுவும் கூட வந்துடும்.

உன் கார்லயும் ஒரு கன்வெர்ட்டரு இருக்குது, அது எங்கன்னு குனிஞ்சி பாரு. மெட்ராசோட சேத்து நாலு பெரிய ஊருல 1995 ஏப்ரல்லருந்து புது பெட்ரோல் காருக்கு அது கட்டாயம். ஹெட்டரு அதோட வாயில வந்து சேரணும். அத்தத் தூக்கிட்டு வெறும் குழாய் போட்டா சத்தம் இன்னும் ஜோரா வரும்னு எவனாவது சொல்லுவான். அதோட புகையும் ஜோரா வரும், உங்க அம்மா காயப்போட்ட துணி வரைக்கும். அந்தக் கன்வெர்ட்டருக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்குது. பழைய இரும்புக்காரன் ரொம்பப் பாசமாப் பேசினா அதுக்குத்தான்.

மாட்டுறப்ப புது கேஸ்கெட்டு, முடிஞ்சா புது நட்டு. எல்லாத்தையும் கையாலயே ஏத்திட்டு, நடுவுலருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி முறுக்கிக்கினு போ. அளவு புக்குல போட்டிருக்கான், டார்க் ரெஞ்சு இல்லன்னா வாடகைக்கு வாங்கு. உன் கைக்கு எவ்ளோ பலம்னு காட்ட வேற எடம் இருக்குது, களத்துல நெல்லு மூட்டை அடுக்கியிருக்குது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன கை அழுக்கெல்லாம் குழாய் மேல இல்லாம தொடைச்சிடு, இல்லன்னா உன் வெரல் ரேகை ஸ்டீல்ல வெந்து அப்பிடியே நிக்கும். மொத தடவ சூடு ஏறுறப்ப எண்ணெய் எரிஞ்சி கொஞ்சம் புகையும். "தீ, தீ"ன்னு கத்திக்கினு தண்ணி ஊத்திடாத. ஒயரோ ரப்பரோ கருகுற வாசனை வந்தா மட்டும் நிறுத்து. பழைய மேனிபோல்டுக்கு மேல ஒரு தகரம் போத்தியிருந்தான் பாரு, அது அழகுக்கு இல்ல, பக்கத்துல இருக்கிற ஒயரு, ரேடியேட்டர் ஃபேனு எல்லாத்தையும் காப்பாத்த. புதுசுல தகரத்துக்கு எடம் இல்லன்னா ஒயர நகத்திக் கட்டு. மறுபடி ஆறின பின்ன நட்டெல்லாம் ஒரு தரம் பாரு.

வண்டிய கொட்டாய்க்குள்ள வெச்சி ஓட்டாத, வெளிய கொண்டாந்துடு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, நெறமும் கெடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் ஒக்கார்ற எடத்துல அது ஒக்காந்துக்கும், எழுந்திருக்காது. உன்ன கிண்டல் பண்ண நீ உசுரோட இருந்தாத்தான் எனக்குப் பொழுது போவும். காலையில சூடு இல்லாதப்ப ஸ்டார்ட் பண்ணி, "டிக் டிக்"னு சத்தம் வருதான்னு கேளு. வந்தா எங்கயோ ஒழுவுது. சோப்புத் தண்ணிய இணைப்புங்க மேல தெளிச்சா குமிழி காட்டிக் குடுக்கும். சென்சாருக்கு முன்னால ஒழுவுச்சின்னா வெளிக் காத்து உள்ள பூந்துடும். சென்சாரு அத்தப் பாத்துட்டு பெட்ரோல் பத்தலன்னு நெனச்சிக்கும், கம்ப்யூட்டரு இன்னும் ஊத்தும். குதிரைக்குப் புல்லு போடுறோம்னு நெனச்சிக்கினு நீ பங்க்குக்காரன் வூட்டு மாடிய கட்டிக்கினு இருப்ப.

இன்னொரு சங்கதி, இந்த வண்டியில எஞ்சினுக்கு முன்பக்கம் எறங்குற குழாய், அடியில போயிதான் பின்னால திரும்பணும். கம்பெனிக்காரன் தரைக்கு எவ்ளோ எடம் வுட்டான்னு அளந்து வெய்யி, புதுசு எவ்ளோ தொங்குதுன்னும் அள. நம்ம பக்கத்து வேகத்தடை இருக்குதே, அது எந்த அளவுக்கும் கட்டுப்படாது. ராத்திரியோட ராத்திரியா எவனோ மண்ணும் ஜல்லியும் கொட்டிட்டுப் போறான். அதுல ஒரு தரம் ஒக்காந்தா உன் 4-2-1 அங்கயே 4-0.

போலீஸ்காரன் கதையையும் கேட்டுடு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு, கம்பெனி குடுத்த அமைப்புலருந்து வண்டிய மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சி. அதே வருசம் மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்துனாங்க. அனுமதி இல்லாம மாத்தின ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள. சத்தத்துக்கும் புகைக்கும் தனி: 10,000 வரைக்கும், இல்லன்னா மூணு மாசம், லைசென்சு மூணு மாசத்துக்குப் போவும். டிக்கி மேல நீ வெச்ச ரெக்கைய அவன் மாத்தம்னு எண்ணுவானான்னு எனக்கு ஆசையா இருக்குது, கேட்டுப் பாக்கலாமா?

சத்தத்துக்கு அபராதம் போடுற சட்டம் எல்லாம் நேத்திக்கு வந்தது. இங்கயிருந்து கெழக்கால போனா வேடந்தாங்கல். அந்த ஊருக்காரங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கிறது இல்ல, ஏரியில இருக்கிற பறவை பயந்துக்கும்னு. எங்கிருந்தோ வர்ற கொக்குக்கும் நாரைக்கும் அவங்க குடுக்குற மரியாதைய, தைப்பூசத்துக்கு செய்யாத்துல வந்து எறங்குற சாமிங்களுக்காவது நீ குடு. பத்து மணிக்கு மேல தெருவுல எறக்காத. எதுத்த வூட்டுல கைக்குழந்த இருக்குது. அது அழுதா அவங்க உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க, என்னத்தான் டீக்கடையில புடிச்சிக்குவாங்க.

பழைய மேனிபோல்ட எடைக்குப் போட்டுடாத. சுத்தம் பண்ணி எண்ணெய் தடவி சாக்குல கட்டி பரண் மேல போடு. நட்டு, தகரம், எல்லாம் ஒரு டப்பாவுல, மேல பேரு எழுதி. 15 வருசம் தாண்டின வண்டிக்கு அஞ்சி வருசத்துக்கு ஒரு தரம் ஆர்சி புதுப்பிக்கணும்ல. உன்னுத 2023-ல ஒரு தரம் புதுப்பிச்சாச்சு, அடுத்தது 2028. வண்டியக் காட்டப் போறதுக்கு மொத நாளு ராத்திரி ரெண்டு பேரும் டார்ச்சு லைட்டு புடிச்சிக்கினு அத்தத் திருப்பி மாட்டிக்கினு இருப்பீங்க. அன்னிக்கி எனக்கு மூட்டு வலி இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்.

எல்லாம் முடிஞ்சி, ஒழுகல் இல்லாம, எஞ்சின் லைட்டு எரியாம வண்டி வந்துச்சின்னா இருங்காட்டுக்கோட்டையில பொதுஜனம் காசு கட்டி ஓட்டுற நாளு வைக்கிறாங்களான்னு விசாரி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டுற வரைக்கும் ஒழுங்குப் புள்ளையா ஓட்டிக்கினு போ, டிராக்குல எறங்கினதும் விடெக்கு முழிச்சிக்கிற எடம் வரைக்கும் மிதி. ஸ்டாப் வாட்சு நான் புடிக்கிறேன். ஹெல்மெட்டு எனக்கும் ஒண்ணு, காது மூடாத ரகமா இருந்தா நல்லது. பாட்டிகிட்ட வந்தவாசிக்கு வெத நெல்லு வாங்கப் போறோம்னு சொல்லிக்கலாம்.